தோசைக்கல் ஒட்டுகிறது, உரிகிறது, துருவேறுகிறது: எதற்கு என்ன செய்வது, எங்கே நிறுத்துவது

எங்கள் பாத்திரக் கடையில் விற்ற தோசைக்கல் திரும்பி வருவது பெரும்பாலும் திங்கட்கிழமைதான். ஞாயிற்றுக்கிழமை காலை வீடு நிறைய ஆள் இருக்கும், தோசை பிய்ந்திருக்கும், யாராவது சிரித்திருப்பார்கள். மறுநாள் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். "தம்பி, நீ குடுத்தது கல்லு இல்லப்பா, கோந்து" என்று ஒரு அம்மா மேசைமேல் டொம்மென்று வைத்தார். அந்தக் கல்லில் ஒரு குறையும் இல்லை. பழக்கும்போது, அதாவது எண்ணெய் தடவிக் காயவைத்துக் கல்லின் மேல் கருப்புப் படலம் ஏற்றும்போது, எண்ணெய் ஒரு கரண்டி கூடிவிட்டது, அவ்வளவுதான்.

வருகிறவர்களில் பாதிப் பேர் "மொத்தமா சுரண்டிட்டுப் புதுசா பழக்கிடவா?" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். சுரண்டுவது கடைசி வேலை. என்ன கோளாறு என்று பார்த்து, செலவில்லாத வழியிலிருந்து தொடங்குங்கள்.

## கையில் எடுத்ததும் இரண்டு சோதனை

கல்லின் கைப்பிடியை விரலில் தொங்கவிட்டு, கரண்டிக் காம்பால் ஒரு தட்டு தட்டுங்கள். 'டங்ங்' என்று நீண்டு ஒலித்தால் கல் முழுசாக இருக்கிறது. 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ விரிசல். மற்றதையெல்லாம் விட்டுவிட்டுக் கடைசித் தலைப்புக்குப் போய்விடுங்கள்.

அடுத்து, அது வார்ப்பா தகடா என்று பாருங்கள். வார்ப்பிரும்பு கனமாக இருக்கும், அடிப்பக்கம் மணல் மாதிரி சொரசொரக்கும், கைப்பிடி பெரும்பாலும் கல்லோடு சேர்த்தே வார்த்திருக்கும். தகட்டுக் கல் மெல்லிசு. கைப்பிடியை ரிவெட் அடித்தோ வெல்டு வைத்தோ பிடித்திருப்பார்கள். கீழே விழுந்தால் வார்ப்பு உடையும், தகடு நெளியும். பழக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். காந்தம் இரண்டிலும் ஒட்டும். ஒட்டவில்லை என்றால் உங்களிடம் இருப்பது பெரும்பாலும் அலுமினியம். இங்கே சொல்லப்போகும் எதையும் அதற்குச் செய்யாதீர்கள். காஸ்டிக் சோடா பட்டால் அலுமினியம் பொங்கிக் கரையும்.

## தோசை எழும்ப மாட்டேன் என்கிறது

முதல் தோசை மட்டும் ஒட்டுகிறது, அடுத்தது சரியாக வருகிறது

கோளாறே இல்லை, கல் காயவில்லை. கனமான வார்ப்புக்கல்லை மிதமான தீயில் 5 முதல் 7 நிமிடம் காயவிட வேண்டும். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சோம்பேறித்தனமாக நின்று கொதித்தால் இன்னும் காயணும். 'சுர்' என்று உடனே வற்றினால் மாவை ஊற்றலாம். முத்து முத்தாக உருண்டு ஓடினால் சூடு மீறிவிட்டது. தீயைக் குறைத்துவிட்டு ஈரத்துணியால் ஒரு துடை துடையுங்கள். ஓட்டல் மாஸ்டர் சொம்புத் தண்ணீரை வீசி ஈர்க்குமாற்றால் தள்ளுகிறாரே, அதை வீட்டில் செய்ய வேண்டாம். அவர் கல் கனத்த இரும்புப் பிளேட், தாங்கும். உங்கள் வார்ப்புக்கல் தாங்காது.

நடுவில் மட்டும் ஒட்டுகிறது, ஓரம் எழும்புகிறது

நடுப்பகுதியைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் கருப்பாக மினுமினுத்து நடுவில் சாம்பல் பூத்த மாதிரி இருந்தால், அங்கே பழகிய படலம் எரிந்து போயிருக்கிறது. நான் கேட்கும் முதல் கேள்வி: "இதே கல்லுல சப்பாத்தி போடுறீங்களா?" எண்ணெய் இல்லாத வறட்டுச் சூடு படலத்தைத் தின்றுவிடும். அடுப்பில் கல்லை வைத்துவிட்டுப் போன் பேசப் போனாலும் இதே கதைதான்.

சரிசெய்ய: பெரிய வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, முள்கரண்டியில் குத்தி, எண்ணெய் தொட்டு, சூடான கல்லின் நடுவில் 3, 4 நிமிடம் வட்டமாகத் தேயுங்கள். கத்திரிக்காயைக் காம்போடு பாதியாக வெட்டியும் தேய்ப்பார்கள், அதுவும் நன்றாகவே பிடிக்கும். பிறகு எண்ணெய் தாராளமாக விட்டு ஒரு ஆம்லெட் போடுங்கள். அது பிய்ந்தால் பரவாயில்லை. இரண்டாவது ஆம்லெட் வழுக்கிக்கொண்டு வந்தால் கல் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. சப்பாத்திக்குத் தனிக்கல் வாங்குங்கள். கடைக்காரன் வியாபாரத்துக்குச் சொல்கிறான் என்று நினைத்தாலும் சரி.

கல் முழுக்க ஒட்டுகிறது

கல்லைக் குற்றம் சொல்லும் முன் மாவைப் பாருங்கள். அதே மாவைப் பக்கத்து வீட்டுக் கல்லில் ஒரு தோசை ஊற்றிப் பாருங்கள். அங்கேயும் ஒட்டினால் கோளாறு மாவில்தான்: உளுந்து கூடியிருக்கும், அல்லது ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றியிருப்பீர்கள். அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

அங்கே எழும்பி இங்கே ஒட்டினால் கல்லின் நிறத்தைப் பாருங்கள். போன மாதம் வந்த ஒரு கல் எவர்சில்வர் மாதிரி வெளுத்திருந்தது. வீட்டில் யாரும் ஒன்றும் செய்யவில்லை என்றார்கள். விசாரித்தால், வேலைக்கு வருகிற அக்கா ஊருக்குப் போய்விட்டார், பதிலுக்கு வந்தவர் பொறுப்பான ஆள். எச்சில் பாத்திரத்தோடு கிடந்த கல்லையும் சபீனா போட்டுக் கம்பி நாரால் அரைமணி நேரம் தேய்த்து, பளபளவென்று கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பதினைந்து வருஷம் பழகிய கல். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? கல்லைத் தொட்டியில் போடக் கூடாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இப்படி வெளுத்த கல்லைச் சுரண்டத் தேவையில்லை, அது ஏற்கெனவே நடந்துவிட்டது. நேரே கீழே உள்ள பழக்கும் முறைக்குப் போகலாம். பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம் பட்டால் ஒன்றும் ஆகாது. கம்பி நாரும் ஊறப்போடுவதும்தான் எதிரி.

புதுக்கல் என்றால் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வார்ப்படத்தில் மணல் பதிந்த குருணைகள் நெருடினால் 80 நம்பர் உப்புத்தாள், பிறகு 120 நம்பர் என்று வட்டமாகத் தேய்த்து எடுக்கலாம். கண்ணாடி மாதிரி வழவழப்பாக்கி விடாதீர்கள், படலம் பிடிக்க இடமில்லாமல் உரிந்துவிடும். குருணை பெரிதாக இருந்தால் லேத் பட்டறைக்குப் போங்கள். மேல்முகத்தை மட்டும் மெல்லிசாக ஒரு சீவு சீவித் தருவார்கள். நீளக் கைப்பிடி இருந்தால் லேத்தில் சுற்றாது, கிரைண்டரில்தான் தேய்க்க வேண்டும். போகும் முன் கல்லின் விலையையும் கூலியையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள். சிறிய கல்லுக்குக் கட்டுப்படியாகாது.

## கல் பிசுபிசுவென்று இருக்கிறது

விரலை வைத்து எடுத்தால் பசை மாதிரி இழுக்கும், தூசி அப்பிக்கொள்ளும். முதலில் சொன்ன 'கோந்து' இதுதான். காரணம் ஒன்றே ஒன்று: எண்ணெய் அதிகம், சூடு குறைவு.

லேசான பிசுக்கு என்றால் கல்லை மிதமான தீயில் வைத்து, புகை எழும்பி அடங்கும்வரை விடுங்கள். பெரிய கல்லில் பர்னர் தீ ஓரத்துக்கு எட்டாது, எனவே 5 நிமிடத்துக்கு ஒரு தரம் நகர்த்தி நகர்த்தி வையுங்கள். ஆறியதும் தொட்டுப் பாருங்கள். ஒட்டாமல் இருந்தால் வேலை முடிந்தது.

அப்படியும் போகவில்லை, எண்ணெய் ஓடிய கோடுகள் மஞ்சளாகக் கட்டி நிற்கின்றன என்றால், சூடான கல்லில் ஒரு கைப்பிடி கல் உப்பு போட்டுத் தேங்காய் நாரால் தேயுங்கள். பிசுக்கை உப்பு இழுத்துக்கொண்டு பழுப்பாக மாறும். துடைத்துவிட்டு மறுபடி காயவிடுங்கள். இதிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும்.

## பொருக்கு பொருக்காக உரிகிறது, தோசையில் கருப்புத் துண்டு வருகிறது

ஒரு துண்டைத் துணியில் வைத்து நசுக்கிப் பாருங்கள். தூளாகிப் போனால் கருகிய மாவும் எண்ணெயும். கல்லைக் காயவைத்து, தட்டையான சட்டுவத்தால் மேலோட்டமாகச் சுரண்டி, உப்புப் போட்டுத் தேய்த்தால் போதும்.

ஏடு ஏடாக, நகப்பூச்சு உரிவது போல் பிரிந்தால் படலமே கல்லைவிட்டுக் கழன்றுவிட்டது. மேலே எத்தனை தடவை எண்ணெய் பூசினாலும் அடியில் பிடிப்பில்லாததால் உரிந்துகொண்டே இருக்கும். ஆளிவிதை எண்ணெயில் பழக்கினால் அழகாகக் கறுக்கும் என்று கேள்விப்பட்டுச் செய்தவர்களின் கல் பல இப்படி வந்திருக்கிறது. முதல் வாரம் பார்க்கக் கண்ணைப் பறிக்கும், பிறகு சிப்பி சிப்பியாக உதிரும். மலிவான புதுக்கல்லில் கருப்புப் பெயிண்ட் உரிவதும் உண்டு. பெயிண்ட் கதையைக் கீழே சொல்கிறேன். படலம் கழன்ற கல்லுக்குத்தான் முழுசாக எடுக்கிற வேலை.

முழுசாக எடுப்பது

ஒன்றை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். காஸ்டிக் சோடா எண்ணெய்க் கரியை எடுக்கும், துருவைத் தொடாது. வினிகரும் புளியும் துருவை எடுக்கும், எண்ணெய்க் கரியைத் தொடாது. இது தெரியாமல் கரி ஏறிய கல்லை ராத்திரி முழுக்க வினிகரில் போட்டு, காலையில் கரி அப்படியே இருக்க, இரும்பு அரித்துப்போய் எடுத்து வந்தவர் உண்டு.

எளிய வழி: கல் முங்குகிற அளவுக்கு எவர்சில்வர் அண்டா, ஒரு கைப்பிடி சலவைச் சோடா, ஒரு மணி நேரக் கொதி. ஆறியதும் கம்பி நார். இங்கே மட்டும் கம்பி நாருக்கு அனுமதி. இரண்டு மூன்று முறை செய்தால் வீட்டுக் கரி பெரும்பாலும் போய்விடும். அலுமினிய அண்டா கூடாது.

அதற்கும் மசியாத பல வருஷக் கரிக்குக் காஸ்டிக் சோடா. கனமான பிளாஸ்டிக் வாளியில் 20 லிட்டர் தண்ணீர், அதில் அரைக் கிலோ காஸ்டிக். தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை மூன்றும் கட்டாயம். மொட்டை மாடியிலோ கொல்லையிலோ வைத்து, மூடி போட்டு, 2 முதல் 5 நாள் விடுங்கள். மரக் கைப்பிடி இருந்தால் கழற்றிவிடுங்கள். கையில் பட்டால் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணில் பட்டால் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரி. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இந்த வழியே வேண்டாம் என்பது என் கட்சி. கரி ஏறிய கல்லிலும் தோசை வரும்.

பெயிண்ட் அடித்த கல்லை நான் சுரண்டச் சொல்வதில்லை. என்ன பெயிண்ட் என்று தெரியாது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

விறகடுப்பில் தூக்கிப் போட்டு எரிப்பது பாட்டிமார் வழி. தகட்டுக் கல்லுக்குச் சில சமயம் ஒத்துவரும். வார்ப்பு விரிசல் விடும், இல்லையென்றால் மேல்முகம் செம்மண் நிறத்தில் மாறி அதன்பின் எண்ணெயே பிடிக்காது. பேட்டரி சார்ஜரைக் கொண்டு மின்சாரத்தில் துரு எடுக்கும் முறையை வீட்டுக்கு நான் சொல்வதில்லை. செய்தே தீருவேன் என்பவர்கள் மறுமுனைக்கு எவர்சில்வர் வைக்காதீர்கள், தண்ணீர் விஷமாகும். காற்றோட்டம் இல்லாத அறையிலும் வேண்டாம்.

திரும்பப் பழக்குவது

கழுவிய கையோடு துடைத்து அடுப்பில் ஏற்றுங்கள். வெற்று இரும்பு பத்து நிமிடத்தில் ஆரஞ்சு நிறம் காட்டிவிடும். ஈரம் முழுக்கப் போனதும், கை பொறுக்கும் சூட்டில் அரை டீஸ்பூன் எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் கைப்பிடியிலும் தடவுங்கள். பிறகு சுத்தமான துணியை எடுத்து, 'ஐயோ, தெரியாமல் எண்ணெய் பட்டுவிட்டதே' என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் துடைத்து எடுங்கள். கல் பார்க்க வறண்டிருக்க வேண்டும். அதன்பின் புகை வரும்வரை காயவைத்து, புகை அடங்கியதும் அணைத்து, ஆறவிடுங்கள். இதை 4, 5 தடவை செய்தால் பழுப்பிலிருந்து கருப்புக்கு வரும். ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

வீட்டில் ஓவன் இருந்தால் 230 டிகிரியில், கவிழ்த்து, ஒரு மணி நேரம். வீட்டில் மேடைமேல் வைக்கும் சின்ன ஓவனில் (ஓடிஜி) 12 அங்குலக் கல் பெரும்பாலும் நுழையாது. சூடேற்றும் முன் கல்லை உள்ளே வைத்துப் பார்த்துவிடுங்கள். கடலை எண்ணெய், சூரியகாந்தி, நல்லெண்ணெய் எதுவும் சரிதான். தேங்காய் எண்ணெய் பிடிக்காது.

வடித்த கஞ்சியை மூன்று நாள் ஊற்றி வைக்கும் வழக்கம் பற்றி எல்லாரும் கேட்பார்கள். கஞ்சி புதுக்கல்லின் மேல் இருக்கும் மெஷின் எண்ணெயைச் சுத்தம் செய்யும், நல்லதுதான். ஆனால் அது கல்லைப் பழக்காது. இரண்டு மணி நேரம் போதும். மூன்று நாள் வைத்தால் துருவைத்தான் வளர்ப்பீர்கள்.

## துரு

கழுவியதும் மேலே பொடியாக ஆரஞ்சு

வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்து, அடுப்பில் வைத்து எடுங்கள். கழுவிய கல்லைப் பாத்திரக் கூடையில் கவிழ்க்காமல் அடுப்பில் இரண்டு நிமிடம் வைத்தால் இது வரவே வராது. கடலோர ஊர்க்காரர்களுக்கு எண்ணெய்த் துணியால் ஒரு தடவல் கூடுதலாக வேண்டும்.

திட்டுத் திட்டாகத் துரு

நெல்லிக்காய் அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்துப் பூசி, அரைமணி நேரம் விட்டு, தேங்காய் நாரால் தேயுங்கள். சரிவரவில்லை என்றால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து 30 நிமிடம். எடுத்துத் தேய்த்துப் பார்த்து, மிச்சம் இருந்தால் மறுபடி 30 நிமிடம். ஒரேயடியாக மணிக்கணக்கில் போட்டு மறந்துவிடாதீர்கள். முடிந்ததும் ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே காயவைத்துப் பழக்குங்கள்.

நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம்

ஒன்றிரண்டு என்றால் பழக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். முகம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி இருந்தால் லேத் பட்டறை, அல்லது புதுக்கல்.

பரணில் கிடந்த பாட்டியின் சட்டி என்றால் தைரியமாக எடுங்கள். பழைய இரும்புக் கடையில் வாங்கிய, யார் எதற்கு வைத்திருந்தார்கள் என்று தெரியாத குழிச்சட்டி என்றால் சமையலுக்கு வேண்டாம். மீன் வலைக்குக் குண்டு வார்க்க ஈயம் உருக்குவது இப்படிப்பட்ட சட்டியில்தான். ஈயத்தைக் கழுவி எடுத்துவிட்டோம் என்று நம்ப வழியில்லை. செடி வையுங்கள்.

## சமைத்தது கறுக்கிறது, இரும்பு ருசி அடிக்கிறது

வாழைக்காய், வாழைப்பூ, கத்திரிக்காய் கறுத்தால் கல்லில் கோளாறில்லை. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கத்தான் செய்யும்.

புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு கறுத்து நாக்கில் இரும்பு வாடை அடித்தால், புளிப்பு படலத்தைத் தாண்டி இரும்பை அரித்துவிட்டது. நன்றாகப் பழகிய சட்டியில் கொஞ்ச நேரம் வதக்கலாம். அதிலேயே கொதிக்கவிட்டு ராத்திரி முழுக்க மூடி வைப்பதுதான் தப்பு. இரண்டு முறை எண்ணெய் தடவிக் காயவைத்தால் சட்டி மீண்டுவிடும்.

வீட்டில் தலசீமியா உள்ளவர்களோ, உடம்பில் இரும்புச் சத்து கூடுதல் என்று டாக்டர் சொன்னவர்களோ இருந்தால், இரும்புச் சட்டி வேண்டுமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

## சிக்கு வாடை

பல மாதம் எண்ணெய் தடவி மூடிவைத்த கல்லில் வரும். வெந்நீரும் துளி சோப்பும் போட்டுக் கழுவி, புகை வரக் காயவையுங்கள். போய்விடும்.

## பணியாரம் குழியிலிருந்து கழலவில்லை

தோசைக்குச் சொன்ன எல்லாமே இதற்கும் பொருந்தும், ஒரு வித்தியாசத்தோடு: குழியின் அடியில் எண்ணெய் தேங்கும். அதனால் பழக்கும்போது ஒவ்வொரு குழியையும் விரலில் துணி சுற்றித் துடைக்க வேண்டும். துடைத்த பின் கவிழ்த்து வைத்துத்தான் ஆறவிட வேண்டும். நடுக்குழி மட்டும் தீய்ந்து ஓரக்குழி வேகாமல் இருந்தால் பர்னர் சின்னது. கல்லை மாற்றாதீர்கள், அடுப்பை மாற்றுங்கள். வெல்லப் பணியாரம் முடிந்த கையோடு சூடு இருக்கும்போதே வெந்நீர் விட்டு, சற்றே ஊறியதும் எடுத்துவிடுங்கள். ஆறினால் வெல்லம் பாறையாகி, கம்பியால் குத்தியே குழியைப் புண்ணாக்குவீர்கள்.

## கல் ஆடுகிறது, எண்ணெய் ஒரு பக்கமாக ஓடுகிறது

அடுப்பு மேடை சமமா என்று முதலில் பாருங்கள். கல்லை வேறு அடுப்பில் வைத்தாலும் ஓடினால்தான் கல்லில் கோளாறு. தகட்டுக் கல் நெளிந்திருந்தால் கொல்லரோ வெல்டிங் பட்டறையோ தட்டி நிமிர்த்தித் தருவார்கள். வார்ப்புக்கல்லைத் தட்டவே கூடாது. அது நிமிராது, இரண்டாகும்.

## 'டொக்' சத்தம், விரிசல்

சந்தேகம் இருந்தால் காய்ந்த கல்லின் மேல் கோலமாவைத் தூவி ஊதிவிடுங்கள். விரிசல் இருந்தால் வெள்ளைக் கோடாகத் தெரியும். காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: காய்ந்த கல்லில் பச்சைத்தண்ணீர், அல்லது இண்டக்ஷன் அடுப்பில் வைத்த உடனே முழுச் சூடு.

விரிசலுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. வார்ப்பிரும்பை நிக்கல் ராடு வைத்து ஒட்டும் வெல்டர்கள் இருக்கிறார்கள். மோட்டார் பாகத்துக்கு அது சரி. சூடேறி ஆறி, சூடேறி ஆறுகிற தோசைக்கல்லில் ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் வரும், கூலியும் கல் விலையைத் தாண்டும். மாவு ஊற்றும்போது கை நடுவில் இருக்கையில் உடைந்தால் தீக்காயம்.

கல்லைக் கோந்து என்று சொன்ன அந்த அம்மாவிடம் மாமியார் காலத்துக் கல் ஒன்றும் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தபோது தட்டிப் பார்த்தேன், டொக். அவருக்கும் கேட்டது. எடைக்குப் போட மனசு வராமல் திரும்ப எடுத்துப் போய், இப்போது தண்ணீர்த் தொட்டி மூடிமேல் பாரமாக வைத்திருக்கிறாராம்.